தைக்காத புஸ்தகத்துக்கு ஒன்றரை அங்குலம்

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. ஏன் மூஞ்சி வெளுத்துக் கெடக்குது? ஆய்வேடு எழுதி முடிச்சாச்சுன்னு உங்கம்மா ஊரெல்லாம் சொல்லிட்டிருக்குது. அப்பறம் என்ன கெரகம்? ஓ, ‘அலைன்மென்ட்’ முடியலையாக்கும்! அட சாமி! வெப்படைக்கும் ஆவாரங்காட்டுக்கும் பட்டறை பட்டறையா அலைஞ்சு, தறிக்காரங்க பொழப்பைப் பூராக் கேட்டு எழுதுனவன் நீ. அப்பெல்லாம் வேர்க்காத நெத்தி, இடது ஓரத்துல எத்தனை அங்குலம் விடறதுங்கறதுக்கு வேர்க்குதா?

சிரிக்கலை கண்ணு. சரி, சிரிச்சேன். வயசாயிருச்சு, அடக்க முடியறதில்லை.

இந்தக் கெழவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு பாக்கறயா? பாலத்துக்கு இக்கட்ட டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வெச்சு, இந்த ஊர்ல பாதிப்பேருக்கு லோயரும் ஹையரும் பாஸாக்கி விட்டவன் நான். அதே கடையில இப்ப என்ற பேரன் ‘டிடிபி, ஜெராக்ஸ், பைண்டிங்’னு போர்டு மாட்டியிருக்கறான். ஆய்வேடு குடுக்கற சீசன் வந்துருச்சுன்னா போதும், முனைவர் ஆகப்போறவங்க பூராவும் அங்க பென்டிரைவும் கையுமா நிப்பாங்க. நான் ஓரமா நாற்காலி போட்டு எல்லாக் கூத்தையும் பாத்துக்கிட்டிருப்பேன். உங்க கூத்துலதான் எங்க வீட்டு அடுப்பு எரியுது. அதனால இப்பச் சொல்லப்போறதைப் பேரங்கிட்டப் போயி உளறிப்போடாதே.

மொதல்ல அந்த ஒன்றரை அங்குலத்துக்கு வருவம். இடது ஓரத்துல அத்தனை எடம் எதுக்கு? பைண்டிங் பண்றவன் தாளை அடுக்கி நூல் கோத்துத் தைக்கறப்ப, ஓரம் கொஞ்சம் மடிப்புக்குள்ள போயிரும். எழுத்து அதுக்குள்ள மாட்டிக்கக் கூடாதுன்னு விட்ட எடம் அது. நல்ல யோசனைதான், நான் கொறை சொல்லலை. ஆனா இப்ப நீ குடுக்கறது என்ன? பிடிஎஃப். அதை எந்த ஊசி தைக்கப் போகுது? செல்போன்ல திறந்து பாக்கறவனுக்கு அந்த ஓரம் வெறும் வெள்ளைப் பட்டை. எழுத்தெல்லாம் வலப்பக்கம் ஒதுங்கி, இடிச்சுக்கிட்டு நிக்கும். அவன் விரல்ல விரிச்சு விரிச்சுப் படிக்கோணும்.

அடுத்தது ரெட்டை வரி இடைவெளி. அதுவும் என்ற காலத்துச் சரக்கு. மிசின்ல அடிச்ச தாளைக் கொண்டுபோயி வாத்தியார்கிட்டக் குடுத்தா, அவரு சிவப்புப் பேனாவை எடுத்து ரெண்டு வரிக்கும் நடுவுல திருத்தி எழுதுவாரு. அதுக்கு எடம் வேணுமல்ல? இப்ப உன்ற நெறியாளர் எதுல திருத்தறாரு? வாட்ஸ்அப்புல குரல் அனுப்பறாரு. “மூணாவது இயலைக் கொஞ்சம் பாருப்பா.” அவ்வளவுதான் திருத்தம். அதுக்கு எதுக்குடா ரெட்டை வரி? எதுக்குன்னு எனக்குத் தெரியும். 120 பக்கம் 240 பக்கமாக் காட்டும். கனம் இருந்தாத்தான் முனைவர்னு ஒரு நெனப்பு. ஏன் கண்ணு, பிடிஎஃப் எத்தனை கிலோ இருக்கும்?

இங்கிலீசுல எழுதற பசங்க கூத்து இன்னும் வேடிக்கை. டைம்ஸ் நியூ ரோமன், 12 புள்ளி, அதுல இம்மி நகரக் கூடாதும்பாங்க. அந்த எழுத்து எங்க பொறந்துச்சுன்னு கேட்டா முழிப்பாங்க. லண்டன்ல ‘தி டைம்ஸ்’னு ஒரு பத்திரிகை. ஸ்டான்லி மோரிசன்னு ஒருத்தரு யோசனை சொல்ல, விக்டர் லார்டென்ட்னு ஒருத்தரு வரைஞ்சு குடுத்து, 1932ல அந்தப் பத்திரிகையில ஏறுன எழுத்து அது. குறுகலான பத்தியில நெறைய வார்த்தை அடங்கோணும், கண்ணுக்கும் உறுத்தக் கூடாது. எடத்தை மிச்சம் பண்றதுக்குன்னே செஞ்ச எழுத்து! அதைக் கொண்டாந்து, ரெட்டை வரி விட்டு, ஓரத்துல ஒன்றரை அங்குலம் ஒதுக்கி, பக்கத்துக்கு இருவது வரி ஓட்டறீங்களே, மோரிசன் பாத்தா என்ன நெனப்பாரு?

விதியை மீறச் சொல்லறேன்னு நெனச்சுக்காதே. பல்கலைக்கழகம் ஒன்றரை அங்குலம் கேட்டா விட்டுத் தொலை. ரெட்டை வரி கேட்டா அதையும் குடு. வாய்மொழித் தேர்வுக்குத் தாள் பிரதி போகுமல்ல, அதுக்கு வேணும். பேப்பர் மில் இருக்கற ஊர்க்காரன் தாளைக் கொறை சொன்னா நாக்கு அழுகிப்போகும். வெளியூர்க்காரனுக்குப் பள்ளிபாளையம்னா சிக்கன்தான் ஞாபகம் வருது. நமக்குச் சேஷசாயி பேப்பர் மில் அல்லவா! 1960ல கம்பெனியாப் பதிவாகி, 1962ல ஓட ஆரம்பிச்சது. கரும்புச் சக்கையைக் காகிதமா மாத்தற மில்லு. உங்க ஆய்வேட்டுக்குன்னு 85 ஜிஎஸ்எம் பாண்ட் தாள் கேட்டு நிக்கறீங்களே, அதுல நம்மூர்க்காரன் வேர்வையும் கொஞ்சம் இருக்கலாம். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. ஓரத்துக்குப் பட்ட பாட்டுல பத்துல ஒரு பங்கு உள்ள இருக்கற ஒடம்புக்குப் பட்டயா?

சரி, உன்ற ஆய்வேடு கடைசியில எங்க போயிச் சேருதுன்னு தெரியுமா? “சோத்கங்கா”ன்னு சொல்றே. சொன்னாப் போதுமா?

அமெரிக்காவுல வர்ஜீனியா டெக்னு ஒரு பல்கலைக்கழகம். ஆய்வேட்டை மின்வடிவத்துலதான் குடுக்கோணும்னு மொதமொதல்ல கட்டாயமாக்குனது அவங்க, 1997ல. நம்ம சேலத்துப் பெரியார் பல்கலைக்கழகம் ஆரம்பிச்சதும் அதே 1997தான். நாம இக்கட்டக் கட்டடத்துக்குச் செங்கல் அடுக்கறப்ப, அவன் அக்கட்டப் புஸ்தகத்தையே காத்துல ஏத்திப்போட்டான். அப்பறம் 2009ல நம்ம யுஜிசி ஒரு ஒழுங்குவிதி போட்டுச்சு. பட்டம் அறிவிச்ச 30 நாளுக்குள்ள மென்பிரதியைப் பல்கலைக்கழகம் அனுப்பிப்போடோணும்னு சொல்லுச்சு. 2016ல விதியை மாத்தி எழுதுனப்பவும் அந்த அனுப்பற வேலை போகலை. குஜராத்துல காந்திநகர்ல இன்ஃப்ளிப்நெட்னு ஒரு மையம் இருக்குது. எல்லாம் அங்க போயிச் சேருது. அவங்க தேக்கி வெச்சிருக்கற குளத்துக்குத்தான் சோத்கங்கான்னு பேரு.

முந்தியெல்லாம் ஆய்வேடு என்ன ஆகும்? நூலக அலமாரியில நிக்கும். தூசி படியும். அடுத்து அதே தலைப்பை எடுத்தவன் மட்டும் வந்து தொட்டுப் பாப்பான். இப்ப யாழ்ப்பாணத்துல இருக்கறவனும் கோலாலம்பூர்ல இருக்கறவனும் ராத்திரி பத்து மணிக்குத் திறந்து படிக்கலாம். அதுதானே இதுல இருக்கற லாபம்? அந்த லாபம் கைக்கு வரோணும்னா ஒரே ஒரு கேள்விதான் கேக்கோணும். தேடி வர்றவனுக்குத் தேடுனது கெடைக்குமா?

அங்க பூரா ஆய்வேட்டையும் ஒரே கட்டா வெக்க மாட்டாங்க. துண்டு போடுவாங்க. 01னு தலைப்புப் பக்கம், 02னு முன்பக்கங்கள், 03 பொருளடக்கம், 04 சுருக்கம், 05லருந்து ஒவ்வொரு இயலும் தனித்தனிக் கோப்பு. கடைசியில 80ன்னு நம்பர் போட்டு முடிவும் பரிந்துரையும். நடுவுல இருக்கற நம்பரெல்லாம் எங்க போச்சுன்னு எங்கிட்டக் கேக்காதே. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

இதுல இருந்து என்ன தெரியுது? உன்ற மூணாவது இயலுக்கு ஒருத்தன் நேரா வந்து குதிப்பான். மொத இயலைப் படிச்சிருக்க மாட்டான். ரெண்டாவதுக்கு ஒரு கும்பிடு கூடப் போட்டிருக்க மாட்டான். நீ அங்க “மேலே கண்ட அட்டவணையில்”னு எழுதி வெச்சிருப்பே. எந்த அட்டவணை? எந்த மேலே? அவனுக்கு மேல கூரைதான் இருக்கும். “அட்டவணை 2.4”னு எழுதியிருந்தா, ரெண்டாவது இயல் கோப்பைத் திறந்து பாத்துக்குவான். அட்டவணைக்கும் படத்துக்கும் இயல் நம்பரைச் சேத்துப் போடச் சொல்லறது இதுக்குத்தான் சாமி, அழகுக்கு அல்ல. சுருக்கெழுத்து வெச்சிருந்தாலும் ஒவ்வொரு இயல்லயும் மொதத் தடவை விரிச்சுச் சொல்லிப்போடு. பக்கத் தலைப்புல இயல் பேரைப் போடு. எந்த வாசல் வழியா வந்தாலும் ஆளு எங்க நிக்கறான்னு அவனுக்குத் தெரியோணும்.

இப்ப ஒரு கூத்துச் சொல்றேன் கேளு. ஒரு பையன் கம்ப்யூட்டர்ல அடிச்சான். பிரிண்ட் எடுத்தான். கையெழுத்து வாங்குனான். அப்பறம் அத்தனை பக்கத்தையும் ஒண்ணொண்ணா ஸ்கேனர்ல வெச்சுப் படம் புடிச்சு, அந்தப் படத்தைப் பிடிஎஃப் ஆக்குனான். எதுக்குடான்னேன். “எலக்ட்ரானிக் காப்பி கேட்டாங்க தாத்தா.” அட கெரகமே! கம்ப்யூட்டருக்குள்ள இருந்ததைத் தாள்ல எறக்கி, தாளைப் போட்டோ எடுத்து, மறுபடியும் கம்ப்யூட்டருக்குள்ளயே ஏத்தியிருக்கறான். அடிச்ச கோப்பு அவன் பென்டிரைவுல முழுசாக் கெடக்குது. கையெழுத்து வேணும்னா அந்தச் சான்றிதழ்ப் பக்கம் ஒண்ணை மட்டும் ஸ்கேன் பண்ணிச் சேத்தாப் போதாதா? அவன் குடுத்த பிடிஎஃப்புல ஒரு வார்த்தையைத் தேடு பாக்கலாம். கெடைக்காது. அது எழுத்தில்லை, எழுத்தோட போட்டோ.

தமிழ்ல எழுதற கண்ணுகளுக்கு இதுக்கும் மேல ஒரு பொல்லாப்பு இருக்குது. கவனமாக் கேளு.

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில பொறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையாங்கறவருதான் தமிழுக்குன்னு டைப்ரைட்டர் விசைப்பலகையை வகுத்துக் குடுத்தவரு. புள்ளிக்கு ஒரு விசை. அதை அடிச்சா வண்டி நகராது. புள்ளியை மொதல்ல வெச்சு, அப்பறம் எழுத்தை அதுக்கடியில அடிக்கோணும். அத்தனை எழுத்தையும் அத்தனூண்டு மிசினுக்குள்ள அடக்குன மூளை அது. அதுல அடிச்சா என்ன அடிச்சமோ அதுதான் தாள்ல இருக்கும். கம்ப்யூட்டர் வந்ததும் அந்த நாணயம் போச்சு. ஊருக்கொரு எழுத்துரு, கடைக்கொரு எழுத்துரு. பாமினின்னாங்க, வானவில்லுன்னாங்க. 1999ல சென்னையில மாநாடு போட்டு டாம், டாப்னு ரெண்டு முறை வகுத்தாங்க. அப்பறம் 2010 ஜூன்ல, கோயமுத்தூர்ல செம்மொழி மாநாடு நடந்த சமயத்துல, இனி யூனிகோடுதான்னு தமிழ்நாடு அரசு ஆணையே போட்டுருச்சு. அது எடுபடாத எடத்துக்கு டேஸ் 16னு ஒண்ணும் வெச்சாங்க. ஆணை போட்டு இத்தனை வருசம் ஆச்சு. இன்னமும் சில பேரு “பாமினியிலதான் சார் எழுத்து அழகா விழுகுது”ங்கறாங்க.

அழகா விழுகுதா? பாமினியில ‘தமிழ்’னு அடிச்சுப் பாரு. திரையில தமிழ்னுதான் தெரியும். கம்ப்யூட்டரோட வயித்துக்குள்ள என்ன கெடக்குது தெரியுமா? இங்கிலீசு ஜே, கே, பி, ஓ, கடைசியில ஒரு அரைப்புள்ளி. அவ்வளவுதான். நீ முந்நூறு பக்கம் எழுதுன செந்தமிழ் பூராவும் உள்ளுக்குள்ள இந்தக் குப்பைதான். ஒருத்தன் ‘விசைத்தறி’ன்னு தேடறான். உன்ற ஆய்வேட்டுல அந்த வார்த்தை பக்கத்துக்குப் பத்துத் தடவை இருக்குது. ஆனா ஒண்ணு கூட மாட்டாது.

இதுல ஒரு குசும்பன் இருந்தான். “அதுவும் நல்லதுதானுங்க தாத்தா”ன்னான். எப்படிடான்னேன். திருட்டுக் கண்டுபுடிக்கற மென்பொருள்ல போட்டா எதுவும் மாட்டறதில்லையாம். யுஜிசி 2018ல போட்ட விதி உனக்கும் தெரியுமல்ல? ஒத்துப்போறது 10 சதவீதம் வரைக்கும் தண்டனை இல்லை. அதுக்கு மேல 40 வரைக்கும் போச்சுன்னா திருத்தி எழுதி ஆறு மாசத்துக்குள்ள குடுக்கோணும். 40லருந்து 60 வரைக்கும்னா ஒரு வருசம் வாசல்லயே நிக்கோணும். 60ஐத் தாண்டுனாப் பதிவே ரத்து. இவன் ஜே, கே, பி, ஓன்னு குடுத்தா மிசின் எதோட ஒப்பிட்டுப் பாக்கும்? பாவம், அது முழிக்கும். ஆனா கண்ணு, திருடுனதைக் கண்டுபுடிக்காத மிசின், நீ சொந்தமா யோசிச்சு எழுதுனதையும் கண்டுபுடிக்காது. அந்தக் குசும்பனோட ஆய்வேட்டை இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் மேற்கோள் காட்டலை. அதுல அவனுக்கு வருத்தம் வேற!

யூனிகோடுல அடிச்சுப்போட்டா எல்லாம் ஆச்சுன்னும் காலை நீட்டிறாதே. பிடிஎஃப் எழுத்தோட உருவத்தைத்தான் மொதல்ல பாக்கும். சில சமயம் கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம், கால் இன்னொருபக்கம்னு பிரிச்சுப் போட்டுரும். ‘கொடு’ன்னு கண்ணுக்குத் தெரியறது, நகலெடுத்தா வேற என்னமோ வரும். எழுத்துருவைக் கோப்புக்குள்ள பதிக்காம விட்டீன்னா அடுத்தவன் கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா நிக்கும். அதனால பெரிய பரீட்சை ஒண்ணும் வேண்டாம். உன்ற பிடிஎஃப்பைத் திற. நடுவுல ஒரு வரியை எடுத்து வெறும் பக்கத்துல ஒட்டு. தமிழா வந்தாச் சரி. வரலைன்னா அந்தக் கோப்பு நீ அனுப்பறதுக்கு முன்னாலயே செத்துப்போச்சுன்னு அர்த்தம். வேற வழியில பிடிஎஃப் ஆக்கிப் பாரு. ஆகாதுன்னா மூலக் கோப்பையாவது பத்திரமா வெய்யி. பல வருசம் கழிச்சும் திறக்கோணும்ங்கறதுக்குன்னே பிடிஎஃப்-ஏன்னு ஒரு வகை 2005லயே சர்வதேசத் தரமா வந்துருச்சு. எழுத்துருவை உள்ளயே பதிச்சாகோணும்னு அதுல கட்டாயம். சேமிக்கறப்ப ஒரு கட்டத்துல டிக் அடிக்கற வேலைதான். அதுக்கு அலுத்துக்கறவன், அட்டையில தங்க எழுத்து பளபளன்னு இருக்குதான்னு மட்டும் மூணு தடவை திருப்பித் திருப்பிப் பாக்கறான்.

இப்பத் தலைப்புகளுக்கு வா. நீ இயல் தலைப்பை எப்படி நடுவுல நிறுத்தறே? ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித்தானே? தெரியும். என்ற மிசின்ல அதுதான் முறை. எல்லா எழுத்தும் ஒரே அகலம். எண்ணித் தட்டுனா நடுவுல வந்து நிக்கும். தடிமனா வேணும்னா அதே எடத்துல ரெண்டு தடவை அடிப்பம். அடுத்த பக்கம் போகோணும்னா உருளையைச் சுத்துவம். நீ கம்ப்யூட்டர்ல உக்காந்து எண்டர் விசையை இருவது தடவை தட்டி அடுத்த பக்கம் போறயே, அந்தப் பெட்டியை லட்ச ரூவா குடுத்து எதுக்கு வாங்குனே?

தறி ஓட்டற ஊர்ல பொறந்தவனுக்கு இதை வெளக்கோணுமா? பாவு இழுத்துக் கட்டாம யாராவது ஊடையை ஓட்டுவாங்களா? தலைப்பு 1, தலைப்பு 2, பத்தி, மேற்கோள், பட விளக்கம்னு வேர்ட்ல பாணி இருக்குதல்ல, அதுதான் பாவு. மொதல்ல அதைக் கட்டிப்போட்டு அப்பறம் எழுத்தை ஓட்டு. நாளைக்கு நெறியாளர் “தலைப்பெல்லாம் 16 புள்ளி வேணும்”னா ஒரு எடத்துல மாத்துனாப் போதும், பூரா மாறும். பொருளடக்கம் தானா விழும். பக்க நம்பரும் தானா வரும். முன்பக்கத்துக்கு ரோமன் எண், இயலுக்கு 1, 2, 3 வேணுமா? நடுவுல ஒரு பிரிவு முறிவு போட்டாப் போச்சு.

அதை விட்டுப்போட்டுப் பொருளடக்கத்தைக் கையால அடிக்கறது. ஒவ்வொரு தலைப்புக்கும் நேரா முற்றுப்புள்ளி முற்றுப்புள்ளியாத் தட்டிக்கிட்டே போயிப் பக்க நம்பரை ஒட்டறது. நாளைக்கு ஆய்வேடு குடுக்கோணும்ங்கற ராத்திரி, நெறியாளர் முன்னுரையில ரெண்டு பத்தி சேக்கச் சொல்லுவாரு. அத்தனை நம்பரும் சரியும். ரவைக்குப் பதினோரு மணிக்கு என்ற பேரன் கடைக் கதவைத் தட்டுவீங்க. அவனும் எந்திரிச்சு வந்து, பாணி போட்டு, ஒரு சொடுக்குல முடிச்சுப்போட்டு, ரெண்டு மணி வரைக்கும் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வேலை பாக்கறதாக் காட்டிக்குவான். அப்பத்தானே கூலி நிக்கும்? சொல்லிப்போடாதேன்னு சொன்னேன், ஞாபகம் இருக்குதல்ல?

பாணி போட்டு எழுதறதுல இன்னொரு புண்ணியமும் உண்டு. கண்ணு தெரியாத புள்ளைங்க இப்பக் காலேஜ்ல படிக்குது. என்விடிஏன்னு ஒரு மென்பொருள் இலவசமாவே கெடைக்குது, திரையில இருக்கறதை வாய்விட்டுப் படிச்சுக் காட்டும். நீ தலைப்பைத் தலைப்புன்னு குறிச்சு, அந்தக் குறியோடவே பிடிஎஃப் ஆக்கியிருந்தா அது தலைப்புத் தலைப்பாத் தாவிப் போகும். சும்மா தடிமனாக்கி நடுவுல நிறுத்தியிருந்தா மொத வரியில இருந்து கடைசி வரைக்கும் அந்தப் புள்ளை பொறுமையாக் கேக்கோணும். பாமினியா இருந்தா? “ஜே, கே, பி, ஓ”ன்னு ஓதும். ஸ்கேன் பண்ணுன படமா இருந்தா வாயே திறக்காது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016லயே வந்தாச்சு. சமூகநீதின்னு நாலாவது இயல்ல முப்பது பக்கம் எழுதுன ஒருத்தரு, அந்த நாலாவது இயலையே போட்டோவாத்தான் குடுத்திருந்தாரு.

அட்டவணைக்கு வருவமா? இங்கதான் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். நூறு தறிக்காரங்களைக் கேட்டே, சரி. 60 பேரு ஆம்பளை, 40 பேரு பொம்பளை. இதைச் சொல்ல எத்தனை எடம் வேணும்? ஒரு வரி. நீ என்ன பண்றே? அரைப்பக்கம் அட்டவணை. அதுக்கடியில வட்டப்படம், ஊதாவும் பச்சையுமா. அதுக்கடியில “மேற்கண்ட அட்டவணையிலிருந்து அறியப்படுவது யாதெனில்”னு ஆரம்பிச்சு, 60 சதவீதம் ஆண்கள், 40 சதவீதம் பெண்கள்னு மறுபடியும். ஒரே சேதியை மூணு தடவை. அப்பறம் வயசுக்கு ஒண்ணு, படிப்புக்கு ஒண்ணு, கல்யாணம் ஆச்சா ஆகலையான்னு ஒண்ணு. படிக்கறவன் கண்ணாலத்துக்கு வந்தானா, கணக்கெடுப்புக்கு வந்தானா? அந்தப் பொம்பளைங்க ராத்திரி ஷிஃப்ட் ஓட்டறப்பக் கைக்குழந்தையை எங்க போட்டுவெக்கறாங்கன்னு நீ கேட்டு எழுதுனயே, அது எங்க இருக்குது? அட்டவணை 4.17க்குக் கீழ, மூணு வரியில, சின்ன எழுத்துல. அதுக்கு ஒரு தலைப்புக் கூட இல்லை. தேடறவன் எப்படிக் கண்டுபுடிப்பான்?

அட்டவணை வேண்டாம்னு சொல்லலை. வேணுங்கற எடத்துல போடு, அட்டவணையாப் போடு. வேற மென்பொருள்ல வந்ததைத் திரையோட படம் புடிச்சு ஒட்டாதே. எண்ணை எடுத்து இன்னொருத்தன் கூட்டிக் கழிச்சுப் பாக்கோணுமல்ல? மேற்கோளும் அப்படித்தான். தறிக்காரம்மா சொன்னதை உள்ள தள்ளித் தனிப் பத்தியா நிறுத்து. எது அவ பேச்சு, எது உன்ற பேச்சுன்னு பாத்தாலே தெரியட்டும். இப்பத் திருட்டுப் பாக்கற கணக்குலயும், யாரு சொன்னதுன்னு முறையாக் காட்டுன மேற்கோளை விலக்கிப்போடச் சொல்லி அந்த 2018 விதியிலயே இருக்குது. நீ உன்ற பேச்சோட கலந்து எழுதிட்டு, அப்பறம் சதவீதம் ஏறிப்போச்சுன்னு அழுதா?

இதையெல்லாம் புதுசா அமெரிக்காக்காரன் கண்டுபுடிச்சதுன்னு நெனச்சுக்காதே. கும்பகோணம் காலேஜ்ல தமிழ் வாத்தியாரா இருந்த உ.வே. சாமிநாதையரு சிந்தாமணி ஏட்டைக் கையில எடுத்தப்ப என்ன இருந்துச்சு? ஓலையில புள்ளி கெடையாது. வார்த்தைக்கு வார்த்தை எடைவெளி கெடையாது. பாட்டு எது, உரை எதுன்னு பிரிக்கவே பெரும்பாடு. அந்த மனுசன் ஏடு ஏடா ஒப்பிட்டு, பாட்டைத் தனியா, உரையைத் தனியாப் பிரிச்சு, 1887ல அச்சுல கொண்டாந்தாரு. அப்பறம் பதிப்பிச்ச புஸ்தகங்கள்ல அரும்பதத்துக்கு அகராதி, அடிக்குறிப்பு, பாட பேதம்னு சேத்துக்கிட்டே போனாரு. கடைசிப் பக்கத்துல அகராதியைப் பாத்து வார்த்தையைத் தேடலாம். கரண்டு இல்லாத காலத்துல அவரு பண்ணுன தேடுபொறி அது. அவருகிட்டப் போயி, “ஐயா, ஓரம் எத்தனை அங்குலம்?”னு மொதக் கேள்வி கேட்டிருந்தா, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு அவரு பாட்டுக்கு அடுத்த ஏட்டைத் தேடிக் கெளம்பியிருப்பாரு.

எந்திரிக்காதே, இரு. கோப்புக்கு என்ன பேரு வெச்சிருக்கறே? காட்டு. ‘தீசிஸ் ஃபைனல்’, ‘தீசிஸ் ஃபைனல் புதுசு’, ‘ஃபைனல் ஃபைனல் 3’, ‘சார் பார்த்தது ஒரிஜினல்’. இதுல எது காந்திநகர் போகுது? உனக்கே தெரியலை பாரு. தேதியைப் போட்டுப் பேரு வெய்யி, பழசைத் தனி அறையில தள்ளு.

அப்பறம் அது என்ன பையில? சிடியா! அட்டைக்கு உள்பக்கம் உறை ஒட்டி அதுல போட்டுக் குடுக்கச் சொன்னாங்களா? அஞ்சு பிரதிக்கு அஞ்சு சிடியா? பேஷ். வாங்கற எடத்துல அதைப் போட்டுப் பாக்கற பெட்டி இருக்குதான்னு கேட்டயா? இப்ப வர்ற லேப்டாப்புல சிடி போடறதுக்கு வாயே கெடையாது கண்ணு. கவலைப்படாதே. என்ற பேரன் கடையில பழைய டிரைவ் ஒண்ணு வெச்சிருக்கறான். வாடகைக்குத்தான். வைவா அன்னைக்குக் கேட்டா ரேட்டு ரெண்டு மடங்கும்பான், இப்பவே போயிச் சொல்லி வெச்சுக்க.